தஸ்கனியில் கொள்ளைநோய்க் காலத்தைக் காட்டும் பயணம்: ஒரு கணக்காளரின் மதிப்புரை

இத்தாலியின் தஸ்கனிப் பகுதியில் 14-ஆம் நூற்றாண்டின் பிளேக் கொள்ளைநோயையும் வணிகத்தையும் சுற்றிக் காட்டும் இரண்டு நாள் வழிகாட்டிப் பயணம் இது. முதல் நாள் சியெனா. இரண்டாம் நாள் காலையில் புளோரன்ஸ், பிற்பகலில் பிராத்தோ. குழு சிறியது. பஸ், ரயில் டிக்கெட்டுகளுக்கும் நுழைவுக் கட்டணங்களுக்கும் சேர்த்தே பணம் வாங்கிவிடுகிறார்கள். சாப்பாடு நம் செலவு. நிறைகளோடு குறைகளையும் எழுதப்போவதால் நடத்துகிறவர்களின் பெயரைத் தவிர்க்கிறேன். இதே ஊர்களுக்கு இதே பொருளில் அழைத்துச் செல்வோர் பலர் உண்டு. யாரிடம் முன்பதிவு செய்தாலும் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்கு இது உதவும்.

நான் திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களில் கணக்கு எழுதியவள். நூல் விலை, சாயக் கூலி, கப்பல் வாடகை, வங்கிக்கு அனுப்பும் உண்டியல் (மாற்றுச் சீட்டு) ஆகியவைதாம் என் வேலைக்காலம் முழுவதும் என் மேசையில் கிடந்தவை. ஆகவே சாவுக் கதை கேட்பதற்காக நான் இந்தப் பயணத்துக்குப் போகவில்லை. ஊரில் பாதிப் பேர் செத்த பிறகு மறுவருடம் கூலி என்ன ஆயிற்று, செத்தவன் கடனை யார் அடைத்தார்கள், அவன் சொத்து யார் கைக்குப் போயிற்று என்று தெரிந்துகொள்ளப் போனேன். இந்தக் கேள்விகளுக்குப் பயணம் பாதி விடை தந்தது. மீதியை நானே தேட வேண்டியிருந்தது.

சியெனா அபாரம். அந்த ஒரு நாளுக்காகவே இந்தப் பயணத்தைப் பரிந்துரைக்கலாம். 1339-இல் சியெனா நகரத்தார் தங்கள் பேராலயத்தை விரிவாக்கத் தீர்மானித்தார்கள். அப்போதிருந்த ஆலயம் முழுவதும், சிலுவை வடிவில் அமையும் புதிய ஆலயத்தின் குறுக்குக் கை மட்டுமே ஆகிவிடும். அவ்வளவு பெரிய திட்டம். சுவர்கள் எழுந்தன, முகப்பு எழுந்தது. 1348-இல் நோய் வந்தது, வேலை நின்றது. இன்று அந்த ஆலயத்தின் நடுக்கூடம் இருந்திருக்க வேண்டிய இடம் திறந்தவெளிச் சதுக்கம். ஒரு பக்கம் வளைவுகளோடு நீளச் சுவர். எதிரே பின்னால் கட்டடம் இல்லாத வெறும் முகப்பு. வழிகாட்டி எங்களை அந்தச் சதுக்கத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பேசாமல் நடக்கச் சொன்னார். நடந்து முடித்த பிறகுதான் கணக்கைச் சொன்னார்: எவ்வளவு பணம் சேர்ந்த ஊர் இப்படி ஒன்றைத் தொடங்கத் துணியும், எத்தனை கொத்தனார்கள் தேவைப்படுவார்கள், அவர்களில் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள் என்று.

இங்கே ஒன்றைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். வேலை நின்றதற்குக் கொள்ளைநோய் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட்டால் கதை எடுப்பாக இருக்கும். இவர் அப்படிச் சொல்லவில்லை. தூண்கள் பாரம் தாங்கவில்லை, விரிசல் விட்டது, ஆபத்தான பகுதிகளை 1357-இல் இடிக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே சொன்னார். ஆலயம் நின்றுபோனதற்குப் பணமும் ஆளும் இல்லாமல் போனது ஒரு காரணம், கட்டுமானப் பிழை இன்னொரு காரணம். இப்படி இரண்டையும் பதிவு செய்கிற வழிகாட்டியை நான் நம்புவேன்.

முகப்பின் உச்சிக்கு ஏறும் சுழல் படிக்கட்டு மிகக் குறுகியது. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருந்துவிடலாம். ஏறினால் நகரம் முழுவதும் தெரிகிறது. அங்கே நின்றுகொண்டுதான், தன் ஐந்து பிள்ளைகளைத் தன் கையாலேயே புதைத்ததாக எழுதிவைத்த சியெனா வரலாற்றுக் குறிப்பாளர் ஆஞோலோ தி தூராவைப் பற்றிச் சொன்னார். நல்லாட்சியின் பயன்களை நகராட்சி மாளிகைச் சுவரில் தீட்டிய ஆம்ப்ரோஜோ லோரென்சேத்தியும் அவருடைய அண்ணன் பியேத்ரோவும் 1348-க்குப் பிறகு எந்த ஆவணத்திலும் காணப்படவில்லை. நோயில் இறந்திருக்க வேண்டும். ஆம்ப்ரோஜோவின் அந்த ஓவியத்தில் கடைகளும், பொதி சுமக்கும் கழுதைகளும், உழவு நடக்கும் வயல்களும் உண்டு. அது தீட்டப்பட்டு பத்தே ஆண்டுகளில் அந்த வாழ்க்கை குலைந்தது.

சியெனாவில் விட்டுப்போனது பேராலயத்தின் எதிரே இருக்கும் சாந்தா மரியா தெல்லா ஸ்காலா மருத்துவமனை. வாசலைக் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டார். பயணிகளுக்கும் ஏழைகளுக்கும் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கும் இடம் தந்த நிலையம் அது. சொந்தப் பண்ணைகளும் களஞ்சியங்களும் வைத்திருந்தது. சாகிறவர்கள் எழுதிவைத்த சொத்து இப்படிப்பட்ட இடங்களில் போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வாசல் சியெனாவில் இல்லை. அரை மணி நேரமாவது ஒதுக்கியிருக்கலாம்.

நோய் வந்த வழியை பஸ்ஸில் வரைபடம் வைத்து விளக்கினார். கருங்கடல் கரையில் ஜெனோவா வணிகர்களின் துறைமுகமான கஃபாவை மங்கோலியப் படை முற்றுகையிட்டிருந்தபோது, 1346-இல் அந்தப் படைக்குள் நோய் பரவியது. 1347-இல் கான்ஸ்டாண்டினோப்பிள், அக்டோபரில் சிசிலியின் மெஸ்ஸினா, 1348 தொடக்கத்தில் பிசா. பிசாவிலிருந்து உள்நாட்டுக்கு. இந்தப் பாதையில் ஒரு புள்ளியைக்கூட நோய் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. தானியமும் தோலும் துணியும் போன அதே கப்பல், அதே துறை, அதே சாலை.

என் முதல் பெரிய குறை இங்கேதான் தொடங்குகிறது. வரைபடத்தைக் காட்டிய அதே வழிகாட்டி, அதன் பிறகு சியெனாவை நோயின் ஊர் என்றும் பிராத்தோவை வணிகத்தின் ஊர் என்றும் பிரித்துவிட்டார். முதல் நாள் முழுக்கச் சாவு, இரண்டாம் நாள் முழுக்கச் செல்வம். நோய் முடிந்த பிறகு வணிகம் வந்தது என்ற எண்ணத்தோடு குழுவில் பலர் வீடு திரும்பியிருப்பார்கள். உண்மையில் இரண்டும் ஒரே பேரேட்டின் பற்றும் வரவும்.

பிராத்தோவின் பக்கத்து ஊரான பிஸ்தோயாவைச் சொல்லியிருந்தாலே போதும். 1348 மே மாதம் அந்த நகரத்தார் போட்ட சட்டங்கள் கிடைத்திருக்கின்றன. பிசாவுக்கும் லூக்காவுக்கும் யாரும் போகக் கூடாது, அங்கிருந்து யாரும் வரக் கூடாது. பழைய துணியை, லினனானாலும் கம்பளியானாலும், ஊருக்குள் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் அபராதம், துணி எரிக்கப்படும். துணியால் பிழைக்கும் நாட்டில் துணிக்குத் தடை! எவ்வளவு பயந்திருந்தால் அப்படி ஒரு சட்டம் போட்டிருப்பார்கள்! சில வாரங்களிலேயே பயணத் தடையை விலக்கினார்கள். 2020-இல் ஊரடங்கின்போது இயந்திரங்கள் நின்ற பனியன் கம்பெனிகளின் கணக்கைப் பார்த்த எனக்கு, அந்தத் தடையும் தளர்வும் ஒவ்வொரு வரியாகப் புரிந்தது. இந்தச் சட்டங்களைப் பற்றி இரண்டு நாளிலும் ஒரு சொல்கூட வரவில்லை.

கூலி பற்றி நான் முதல் நாள் மாலையே கேட்டேன். வழிகாட்டிக்கு உடனே விடை வரவில்லை. ஆனால் மறுநாள் காலை, புளோரன்ஸில் சந்தித்ததும், கையில் ஒரு தாளோடு வந்து எனக்காகவே வாசித்தார். வரலாறு எழுதிக்கொண்டிருந்த ஜோவான்னி வில்லானி 1348-இல் நோயில் இறந்தார்; அவருடைய தம்பி மத்தேயோ தொடர்ந்து எழுதினார். வேலைக்காரப் பெண்களும் குதிரை லாயத்துப் பையன்களும் வாய்க்கு வந்த சம்பளம் கேட்கிறார்கள், கைவினைஞர்கள் பழைய கூலிக்கு வர மறுக்கிறார்கள், சாதாரண ஜனங்கள் விலை உயர்ந்த ஆடை உடுத்துகிறார்கள் என்பது மத்தேயோவின் புலம்பல். மேல்தட்டு மனிதர் ஒருவர் கோபத்தில் எழுதிய இந்த வரிகள்தாம் உழைத்தவர்கள் எவ்வளவு முன்னேறினார்கள் என்பதற்குக் கிடைத்த சான்று. ஒருவருடைய கேள்விக்காக இரவில் உட்கார்ந்து தேடிய அந்த உழைப்புக்கு என் வணக்கம்.

ஆட்சியாளர்கள் இதைச் சும்மா விடவில்லை. இங்கிலாந்தில் 1349-இல் அரசாணையாகவும் 1351-இல் நாடாளுமன்றச் சட்டமாகவும், நோய்க்கு முந்தைய கூலிதான் கொடுக்க வேண்டும், வாங்க வேண்டும் என்று விதித்தார்கள். ஆள் கிடைக்காத இடத்தில் சட்டம் எவ்வளவு நாள் கூலியைப் பிடித்துவைக்கும்? 1381-இல் அங்கே பெரும் கிளர்ச்சி வெடித்தது; இந்தக் கோபமும் அதற்குள் இருந்தது.

புளோரன்ஸில் எங்களை முதலில் அழைத்துச் சென்ற இடம் ஓர்சான்மிக்கேலே. தானியச் சந்தையாக இருந்து ஆலயமான கட்டடம். உள்ளே ஓர்காஞா என்ற கலைஞர் 1359-இல் முடித்த சலவைக்கல் மண்டபம், மாதாவின் படத்தைச் சுற்றி, வண்ணக் கண்ணாடியும் பொன்னும் இழைத்தது. அதன் பின்னால் இருப்பது இறந்தவர்களின் பணம். 1348-இல் சாகும் தறுவாயில் ஜனங்கள் அந்த ஆலயத்தின் பக்திச் சங்கத்துக்குச் சொத்து எழுதிவைத்தார்கள். மொத்தம் 3,50,000 புளோரின் சேர்ந்தது என்று மத்தேயோ வில்லானி எழுதுகிறார். ஒரு புளோரின் என்பது சுமார் மூன்றரை கிராம் தங்கம். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 1,200 கிலோவுக்கு மேல் தங்கம். பழங்காலத்து வரலாற்றாசிரியர்கள் பெருக்கிச் சொல்வது வழக்கம். பாதியாகவே வைத்துக்கொண்டாலும் ஒரே கோடையில் ஒரே சங்கத்தின் பெட்டிக்கு வந்த தொகை அது. அந்தப் பணத்தை நிர்வகித்தவர்கள் கை சுத்தமில்லை என்ற குற்றச்சாட்டையும் மத்தேயோவே எழுதியிருக்கிறார்.

ஓர்சான்மிக்கேலேயை ஒட்டியே கம்பளி வணிகர் சங்கத்தின் கோபுர மாளிகை நிற்கிறது. அதன் நிழலில் நின்று 1378-ஆம் ஆண்டில் சியோம்பி எனப்பட்ட கம்பளித் தொழிலாளர்கள் செய்த கிளர்ச்சியை வழிகாட்டி சொன்ன விதம் இரண்டாம் நாளின் சிறந்த பகுதி. கம்பளி அடிக்கிறவர்களும் சீவுகிறவர்களும் அந்தச் சங்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்தார்கள். ஆனால் தங்களுக்கென்று சங்கம் வைக்க உரிமை இல்லை. அந்தக் கோடையில் தெருவில் இறங்கி நகராட்சி மாளிகையைப் பிடித்தார்கள். மிக்கேலே தி லாந்தோ என்ற கம்பளித் தொழிலாளி நகரத்தின் தலைமைப் பதவியில் உட்கார்ந்தார். தங்களுக்குச் சங்கம் வேண்டும், முதலாளிகள் குறிப்பிட்ட அளவு துணியாவது நெய்ய வைத்து வேலை நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பவை அவர்கள் கோரிக்கைகளில் இருந்தன. இந்த இரண்டாவது கோரிக்கை என்னை உலுக்கியது. ஆர்டர் இல்லை என்று தறியை நிறுத்தினால் யார் வீட்டில் அடுப்பு எரியாது என்று தெரிந்தவர்கள் கேட்ட கோரிக்கை அது. அவர்களுடைய சங்கம் சில வாரங்களே நீடித்தது. உடன் உருவான மற்ற இரண்டு புதிய சங்கங்களையும் 1382-இல் கலைத்துவிட்டார்கள்.

பிராத்தோவுக்கு உள்ளூர் ரயிலில் போனோம். நகரத்தின் மைய நிலையத்தில் இறங்காமல் போர்த்தா அல் செர்ராலியோ என்ற சின்ன நிலையத்தில் இறக்கியது நல்ல யோசனை. பழைய நகரம் அங்கிருந்து மிகப் பக்கம். நாங்கள் பார்க்கப் போனது பிரான்செஸ்கோ தாத்தினி என்ற வணிகரின் மாளிகை.

தாத்தினி சுமார் 1335-இல் மது விடுதி நடத்திய ஒருவருக்குப் பிறந்தவர். 1348-இல் தந்தை, தாய், உடன்பிறந்தவர்கள் இருவர் நோயில் போனார்கள். அவரும் ஒரு தம்பியும் மிஞ்சினார்கள். பியேரா என்ற பெண்மணி எடுத்து வளர்த்தார். 1350-இல், பதினைந்து வயதில், தனக்கு வந்த சிறு நிலத்தை விற்ற பணத்தோடு போப்பாண்டவரின் அவை இருந்த அவிஞோனுக்குப் போனார். போர்க்கவச வியாபாரத்தில் தொடங்கி எதையெல்லாம் வாங்கி விற்க முடியுமோ அதையெல்லாம் செய்தார். 1383-இல் பணக்காரராகப் பிராத்தோ திரும்பினார். புளோரன்ஸ், பிசா, ஜெனோவா, பார்சிலோனா, வாலென்சியா, மயோர்க்கா என்று கிளைகள். நோய் அவரை அநாதையாக்கியது. கையில் வந்த சிறு முதலையும் அந்தச் சாவுகள்தாம் தந்தன. ஒரே வாழ்க்கைக்குள் இரண்டும் இருக்கின்றன. இந்த மனிதரை முதல் நாளே அறிமுகப்படுத்தியிருந்தால் பயணத்துக்கு முதுகெலும்பு கிடைத்திருக்கும்.

அவர் எழுதியதும் பெற்றதுமான கடிதங்கள் ஒன்றரை லட்சம் அளவுக்கும், கணக்கேடுகள் ஐந்நூறுக்கும் மேலும் இருக்கின்றன. எதையும் எறியக் கூடாது என்பது கிளைகளுக்கு அவர் இட்ட கட்டளை. படிக்கட்டின் அடியில் மூட்டைகளாகக் கிடந்தவற்றை 1870-இல்தான் எடுத்தார்கள். காசோலைகள், கடல் காப்பீட்டுச் சீட்டுகள், உண்டியல்கள் எல்லாம் அதில் உண்டு. உண்டியல் முறை எளியது: புளோரன்ஸில் ஒருவர் புளோரினைக் கொடுக்கிறார், பார்சிலோனாவில் இன்னொருவர் அந்த ஊர் நாணயத்தில் பெற்றுக்கொள்கிறார். தங்கத்தைக் கழுதையில் ஏற்றிக் கொள்ளையருக்குப் பயந்து போக வேண்டியதில்லை. வட்டியைத் திருச்சபை தடுத்திருந்ததால் லாபம் நாணய மாற்று விகிதத்துக்குள் அடங்கியிருந்தது. கணக்கேடுகளின் தலைப்பில் கடவுளின் பெயரையும் லாபத்தின் பெயரையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். எங்கள் ஊர் ‘லாபம்’ எழுதிய புதுக்கணக்கு நோட்டைப் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

இவ்வளவு இருக்கும் வீட்டுக்கு ஒதுக்கிய நேரம் மிகக் குறைவு. நுழைவாயிலில் இருக்கும் புனித கிறிஸ்டோபர் ஓவியம், முற்றம், கீழ்த்தள அறைகளின் கூரை வேலைப்பாடு, வெளிச்சுவர் ஓவியங்களுக்கு முதலில் போட்ட அடிவரைவுகள் ஆகியவற்றை அழகு என்ற வகையில் மட்டுமே காட்டினார்கள். கணக்கேட்டின் ஒரு பக்கத்தையாவது எடுத்து, இது பற்று, இது வரவு என்று விளக்கியிருக்க வேண்டும். கடிதங்களை இணையத்தில் எண்ம வடிவில் எவரும் பார்க்கலாம், அதைக்கூடச் சொல்லவில்லை.

அதைவிடப் பெரிய குறை, அந்த வீட்டில் வேலை செய்தவர்களைப் பற்றிய மௌனம். ஆள் பற்றாக்குறையால் 1363-இல் புளோரன்ஸ் அரசு, கிறிஸ்தவர் அல்லாத அடிமைகளை இறக்குமதி செய்ய அனுமதி தந்தது. கருங்கடலிலிருந்து, நோய் வந்த அதே வழியில், பெண்களையும் சிறுமிகளையும் கப்பலில் கொண்டுவந்து விற்றார்கள். தாத்தினி அந்த வியாபாரத்திலும் ஈடுபட்டார். அவர் வீட்டிலும் அடிமைகள் இருந்தார்கள். லூச்சியா என்ற அடிமைப் பெண் 1392-இல் அவருக்கு ஜினெவ்ரா என்ற மகளைப் பெற்றாள். பிள்ளை இல்லாத மனைவி மார்கெரித்தா பிறகு அந்தக் குழந்தையை வீட்டுக்கு அழைத்து வளர்த்தார். கொள்ளைநோய்க்குப் பின் உழைப்பவர்கள் நிலை உயர்ந்தது என்று காலையில் சொன்னவர்கள், மாலையில் இந்தப் பக்கத்தையும் திருப்பிக் காட்ட வேண்டும். கூலி ஏறியதால் விடுதலை பெற்றவர்களும் உண்டு, விலைக்கு வாங்கப்பட்டவர்களும் உண்டு. லூச்சியாவின் பெயர் அந்த வீட்டில் சொல்லப்படாதது எனக்குப் பொறுக்கவில்லை.

மார்கெரித்தாவைப் பற்றி ஓரளவு சொன்னார்கள். கணவர் புளோரன்ஸில் இருந்துகொண்டு கழுதை முதல் மதுப் பீப்பாய் வரை கடிதத்தில் விசாரிப்பார். அந்தப் பெரிய வீட்டை நடத்தியவர் இவர். வளர்ந்த பிறகு தானே எழுதக் கற்றுக்கொண்டார். இருநூறுக்கு மேற்பட்ட அவருடைய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன, கணவரை நேருக்கு நேர் கண்டிக்கும் கடிதங்கள் உட்பட. இந்தக் கடிதங்களுக்கென்றே தனியாக ஒரு பயணம் நடத்தினால் முதல் டிக்கெட் நான் வாங்குவேன்.

நோய் 1348-உடன் முடியவில்லை என்பதையும் தாத்தினியின் வீட்டிலேயே காட்டலாம். 1400-இல் அது மீண்டும் வந்தபோது அவர் உயில் எழுதிவிட்டு, குடும்பத்தோடு பொலோஞ்ஞாவுக்குப் போய்விட்டார். கூட்டாளிகள் இறந்தார்கள், அப்போதுதான் தொடங்கியிருந்த வங்கி மூடப்பட்டது. 1410-இல் இறந்தபோது, சுமார் 70,000 புளோரின் சொத்தைப் பிராத்தோவின் ஏழைகளுக்கென்று ஓர் அறநிலையத்துக்கு எழுதிவைத்தார். திருச்சபையின் கட்டுப்பாட்டில் அது இருக்கக் கூடாது, நகரத்தார் நிர்வகிக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஓர்சான்மிக்கேலேயின் கணக்குக் கதையை அறிந்தவர் போட்ட நிபந்தனை போல எனக்குப் படுகிறது.

பயணத்தில் இல்லாத ஓரிடத்துக்கு நான் பிறகு தனியே போனேன்: புளோரன்ஸின் இன்னொச்சென்தி அநாதை இல்லம். தாத்தினி விட்டுச்சென்ற 1,000 புளோரின்தான் அதற்கு விதை. 1419-இல் புரூனெல்லெஸ்கி என்ற கட்டடக் கலைஞர் கட்டத் தொடங்கினார், 1445-இல் முதல் குழந்தை வந்து சேர்ந்தது. இப்போது அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது. காலை நடையின் பாதையிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரம். அதைச் சேர்க்காததற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

வழிகாட்டிக்கு ஐந்துக்கு நாலரை. பயணத் திட்டத்துக்கு மூன்று. வரலாறு தெரியாமல் போகிறவர்களுக்கும் புரியும். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகலாம், ஆனால் சியெனாவின் கதைகள் சின்னக் குழந்தைகளுக்குக் கனம். கல் பாவிய தெருக்கள், மேடும் பள்ளமும். தடித்த அடியுள்ள செருப்பு போதும், ஷூ இன்னும் நல்லது. முன்பதிவு செய்யும்போதே பிராத்தோவில் எவ்வளவு நேரம் என்று எழுத்தில் கேளுங்கள். பிற்பகல் மட்டும் என்றால், புளோரன்ஸ் முடிந்ததும் குழுவிலிருந்து விலகி, மறுநாள் நீங்களாகவே ரயில் ஏறிப் போவது மேல். நடத்துகிறவர்களுக்கும் எழுதியிருக்கிறேன்: பிராத்தோவுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள், அதில் லூச்சியாவுக்கும் ஓரிடம் கொடுங்கள். அப்படி மாற்றினால் என் தங்கையையும் அவள் மகளையும் இதே பயணத்துக்கு அனுப்புவேன்.